மெட்டல் டிடெக்டர் சும்மா சும்மா கத்துகிறதா? பழுதும் மாற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறையைத் தேடும்போது தரையிலிருந்து மேலே வாருங்கள்: காயில் (தரைக்கு அருகே ஓடும் வட்டத் தலை, உள்ளே கம்பிச் சுற்று இருக்கும்), காயில் உறை, போல்ட், கேபிள், கனெக்டர், பேட்டரி, கடைசியில்தான் திரையும் பொத்தான்களும் உள்ள கண்ட்ரோல் பாக்ஸ். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, முதலிலேயே பாக்ஸைத் திறந்து, இல்லாத பழுதை உண்டாக்கிவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் மண்ணுக்கு மேலே வீசித் தேடும் கைக்கருவிகளுக்கானவை. வாசலில் நிறுத்தும் பாதுகாப்புச் சட்டகங்களுக்கு இவை பொருந்தா.

ஒன்றுமே இல்லாத இடத்திலும் கத்திக்கொண்டே இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

முதலில் ஒரே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள்: அசையாமல் வைத்தாலும் கத்துகிறதா, ஆட்டினால்தான் கத்துகிறதா?

காயிலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வையுங்கள். சுற்றிலும் ஒரு மீட்டருக்கு உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கான்கிரீட் தரையில் வைத்துச் சோதிக்க வேண்டாம், உள்ளே கம்பி கட்டியிருக்கும். கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு அப்பால் வையுங்கள். இப்போதும் விட்டு விட்டுக் கத்தினால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்கம்பிகள், எல்இடி விளக்குகள், மின்வேலி, வைஃபை ரவுட்டர், பக்கத்தில் ஓடும் இன்னொரு டிடெக்டர் எல்லாமே இதற்குக் காரணமாகலாம். உறுதி செய்ய, காயிலைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து மெல்ல ஒரு வட்டம் திரும்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் கூடி, இன்னொரு திசையில் குறைந்தால் அது வெளியிலிருந்துதான் வருகிறது. கருவியில் பழுதில்லை.

அதற்குப் பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்: ஃபேக்டரி ரீசெட், அடுத்து காயிலை அசைக்காமல் பிடித்தபடி நாய்ஸ் கேன்சல் (மின் இரைச்சலை ஒதுக்குவது), அடுத்து கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணே தரும் சிக்னலைச் சமன் செய்து ஒதுக்குவது), கடைசியாக சென்சிடிவிட்டி (நுண்ணிய சிக்னலுக்கும் பதில் சொல்லும் அளவு). வரிசை மாறினால் பயன் குறையும். நாய்ஸ் கேன்சல் வேலை செய்யும் அலைவரிசையைச் சற்று நகர்த்துகிறது, அதனால் அதற்கு முன் செய்த கிரவுண்ட் பேலன்ஸை மறுபடி செய்ய வேண்டி வரலாம்.

அசையாமல் இருந்தால் அமைதி, ஆட்டினால் கத்தல். ஏன்?

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். காயிலிலிருந்து பாக்ஸுக்கு வரும் சிக்னல் மிக மிக நுண்ணியது. கேபிளுக்குள் உள்ள ஒரு இழை அறுந்து தொட்டுத் தொட்டு விலகினாலும், கவசப் பின்னல் விட்டுப்போனாலும், அது உலோகம் கிடைத்ததுபோலவே ஒலிக்கும். கேபிளும் உலோகம்தான் என்பதையும் மறந்துவிடுகிறோம். தளர்ந்து தொங்கும் கேபிள் காயிலின் மேலே ஊசலாடினால், அதையே காயில் கண்டுபிடித்துக் கத்தும்.

கட்டும் முறை: காயிலிலிருந்து வெளிவரும் கேபிளின் முதல் சுற்று தண்டின் மேற்பக்கமாகப் போகட்டும். காயிலை முன்னும் பின்னும் முழுதாகச் சாய்த்துப் பார்த்து, இழுபடாத அளவுக்கு மட்டும் தளர்வு விட்டு, போல்டுக்குச் சற்று மேலே வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். மேலே இன்னும் ஒன்றிரண்டு இடங்களில் கட்டினால் போதும். பாக்கெட்டுகளின் வாயைக் கட்ட வரும் அந்தச் சின்ன முறுக்குக் கட்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். பிளாஸ்டிக் போலத் தெரிந்தாலும் நடுவில் மெல்லிய இரும்புக் கம்பி இருக்கும்.

கட்டியும் தீரவில்லையென்றால் அசைவுச் சோதனை. காயிலை நாற்காலியில் அசையாமல் வைத்து, கருவியை ஓட விட்டு, கனெக்டரில் தொடங்கி ஒரு சாண் ஒரு சாணாகக் கேபிளை மெல்ல வளைத்துக்கொண்டே போங்கள். கத்தும் இடத்தில் பழுது. பெரும்பாலும் அது கேபிள் காயிலுக்குள் நுழையும் கழுத்தில் இருக்கும், அங்கேதான் தினமும் வளைகிறது. கனெக்டரை அசைத்தால் கத்துகிறது என்றால், கழற்றி, ஊசிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, முழுதாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். வளையத்தைக் கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம்.

கடைசியாக, சென்சிடிவிட்டியைக் குறைத்துவிட்டுக் காயிலின் விளிம்பை விரல் நுனியால் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பதில் வந்தால் உள்ளே கம்பிச் சுற்று தளர்ந்திருக்கிறது. அந்தக் காயிலை மாற்றத்தான் வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்துக் காயிலைச் சோதிக்க முடியுமா?

முடியும், ஓரளவு. கருவியை அணைத்து, காயிலைக் கழற்றி, ஓம் அளவில் வைத்து ஊசிகளை இரண்டிரண்டாகத் தொடுங்கள். எத்தனை ஓம் வர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், எனவே எண்ணைவிட அதன் நடத்தையைப் பாருங்கள். கேபிளை வளைக்கும்போது எண் தாவினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. சுற்று இருக்க வேண்டிய இரு ஊசிகளுக்கு நடுவே ஒன்றுமே காட்டாவிட்டால் முழுதாக அறுந்துவிட்டது. சில புதிய காயில்களுக்குள் சிப்பும் ஆம்ப்ளிஃபயரும் வைத்திருக்கிறார்கள், அவற்றில் இந்த அளவீட்டை நம்ப முடியாது.

மண்ணைத் தொட்டால் மட்டும் கத்துகிறது.

காயிலின் அடி உறையைக் கழற்றிப் பாருங்கள். உறைக்கும் காயிலுக்கும் நடுவே ஈர மணல் சேர்ந்திருக்கும். அதில் காந்தத்துகள் கலந்த கருமணல் இருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு அதிர்விலும் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். கழுவி, காயவைத்து, மறுபடி போடுங்கள். விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினால் மணல் ஏறுவது குறையும். கல் நிறைந்த இடத்துக்கு உறை அவசியம். வெறும் புல்வெளியில் அது இல்லாமலே ஓட்டலாம்.

போல்ட் உடைந்துவிட்டது. தற்காலிகமாக ஸ்டீல் போல்ட் போடலாமா?

கூடாது. ஸ்டீல் மட்டுமல்ல, பித்தளையும் அலுமினியமும்கூட ஆகாது. மின்சாரம் கடத்தும் எதுவும் காயிலின் நடுவில் உட்கார்ந்தால் அது நிரந்தரமான இலக்கு. இது இந்தத் துறையின் மிகப் பழைய பழுது. 1881இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டல் கருவியைக் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிகளும் அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

நைலான் போல்ட், நைலான் நட்டு, இரண்டு ரப்பர் வாஷர், அவ்வளவுதான் தேவை. உதிரியாக ஒரு செட் பையில் கிடக்கட்டும். காயில் தானாகத் தலை சாய்கிறதென்றால் போல்டை மேலும் முறுக்காதீர்கள், காயிலில் போல்ட் நுழையும் காது விரிசல் விடும். வாஷரைக் கழற்றித் தண்ணீரில் கழுவித் துடைத்து மாட்டுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், உராய்வுதான் அதன் வேலையே.

ஆழம் போதவில்லை. பெரிய காயில் வாங்கலாமா, பூஸ்டர் மாதிரி ஏதாவது உண்டா?

பூஸ்டர் என்று விற்கப்படுபவற்றை நம்புவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். காயிலின் காந்தப்புலம் கீழே போகும்போதும் குறைகிறது, இலக்கு திருப்பி அனுப்புவது மேலே வரும்போதும் குறைகிறது. காயிலின் அகலத்தைத் தாண்டிய தூரங்களில், திரும்பி வரும் சிக்னல் தூரத்தின் ஆறாம் அடுக்கில் விழுகிறது. ஆழம் இரட்டிப்பானால் சிக்னல் 64இல் ஒரு பங்கு. 25 செ.மீ. வட்டக் காயிலில் 20 செ.மீ. ஆழத்திலிருந்து 25 செ.மீ.க்கு இறங்கினாலே சிக்னல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆம்ப்ளிஃபயர் வைத்து அதைப் பெருக்கலாம்தான், ஆனால் கூடவே இரைச்சலும் அதே அளவு பெருகும்.

பெரிய காயில் உண்மையிலேயே கூடுதல் ஆழம் தரும். ஆனால் நாணயம் அளவுள்ள பொருளுக்குச் சில செ.மீ. மட்டுமே. பதிலுக்கு எடை கூடும், மின் இரைச்சலை அதிகம் வாங்கும், குப்பை நிறைந்த இடத்தில் ஆணியும் நாணயமும் ஒரே நேரத்தில் காயிலுக்குக் கீழே வந்து ஒன்றையொன்று மறைக்கும். பழைய வீட்டு மனைபோல ஆணி சிதறிக் கிடக்கும் இடங்களில் 15 செ.மீ. காயில்தான் கெட்டிக்காரத்தனம். திறந்த, சுத்தமான வயலில் 33 செ.மீ. போடுங்கள்.

செலவில்லாமல் ஆழம் கூட்ட வழி இருக்கிறது. காயிலைத் தரைக்கு 2 செ.மீ. மேலே, இரு முனையிலும் தூக்காமல் மட்டமாக ஓட்டுங்கள். வீச்சின் முனைகளில் கை தானாக உயரும், அங்கே 5 செ.மீ. தூக்கினால் 5 செ.மீ. ஆழம் போச்சு. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். கருவி சலசலத்தால் சென்சிடிவிட்டியை இரண்டு படி இறக்குங்கள். காது அமைதியாக இருந்தால்தான் ஆழத்திலிருந்து வரும் முணுமுணுப்பு கேட்கும்.

கனெக்டர் ஒன்றுபோல இருக்கிறது. வேறு கம்பெனிக் காயிலை மாட்டலாமா?

ஊசி எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் உள் இணைப்பும் ஒன்று என்று அர்த்தமில்லை. கம்பிச் சுற்றின் இண்டக்டன்ஸ் (காந்தப்புலத்தைத் தேக்கும் தன்மையின் அளவு), வேலை செய்யும் அலைவரிசை, சில மாடல்களில் காயிலின் அடையாளச் சிப் எல்லாம் பொருந்த வேண்டும். உங்கள் மாடலுக்கென்று குறிப்பிட்ட காயிலை மட்டும் மாட்டுங்கள், அதையும் கருவியை அணைத்துவிட்டு. மாற்றியபின் கிரவுண்ட் பேலன்ஸ் புதிதாகச் செய்து, தெரிந்த நாலைந்து நாணயங்களைக் காட்டிப் பாருங்கள். பொருளை அடையாளம் காட்டத் திரையில் வரும் எண்கள் ஒன்றிரண்டு நகர்ந்திருக்கலாம், அது பழுதல்ல.

காயிலை நானே சுற்றலாமா?

பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியா (விட்டு விட்டு மின்துடிப்பு அனுப்பும் வகை), தாராளமாக. பெரும்பாலான பல்ஸ் சர்க்யூட்டுகள் 300 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் கொண்ட ஒரே ஒரு கம்பிச் சுருளை எதிர்பார்க்கின்றன. அதற்கு 20 செ.மீ. விட்டத்தில் சுமார் 23 சுற்று, 25 செ.மீ. விட்டத்தில் சுமார் 20 சுற்று. 0.5 மி.மீ. எனாமல் செம்புக் கம்பி 16 மீட்டர் வரை ஆகும், மின்தடை ஒன்றரை ஓம் சுமாருக்கு வரும். பலகையில் வட்டமாக ஆணி அடித்துச் சுற்றி, நூலால் நெருக்கமாகக் கட்டி, கழற்றி, இண்டக்டன்ஸ் காட்டும் எல்சிஆர் மீட்டரில் அளந்து, தேவைப்பட்டால் ஒரு சுற்று கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

மேலே இன்சுலேஷன் டேப், அதற்கு மேல் கவசம். கவசத்துக்கு அலுமினியத் தாளைவிடக் கிராஃபைட் பெயின்ட் நல்லது, ஏனென்றால் தாளே பல்ஸுக்குப் பதில் சொல்லும். எதைப் போட்டாலும் ஓரிடத்தில் ஒரு செ.மீ. இடைவெளி விட வேண்டும். வட்டம் முழுதாக மூடிவிட்டால் அதுவே குறுக்கிணைந்த ஒரு சுற்றாகிக் காயிலைச் செயலிழக்கச் செய்யும். கம்பி முனையில் எனாமலைச் சுரண்டாமல் சால்டர் வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. மேலோட்டமாகப் பிடித்ததுபோல இருக்கும், ஒரு வாரத்தில் விட்டுப்போகும். சர்க்யூட்டில் உள்ள டேம்பிங் ரெசிஸ்டரும் புதிய காயிலுக்கு ஏற்ப மாற வேண்டியிருக்கும். சரியில்லாவிட்டால் பல்ஸ் முடிந்தபின்னும் காயில் மணிபோல அதிர்ந்துகொண்டிருக்கும், சின்னப் பொருட்களின் சிக்னல் அதற்குள் முங்கிவிடும்.

வி.எல்.எஃப். (குறைந்த அலைவரிசையில் தொடர்ந்து அலை அனுப்பும் வகை) கருவிக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதில் அனுப்பும் கம்பிச் சுருளும் வாங்கும் சுருளும் ஒன்றையொன்று ரத்து செய்யும் நிலையில் உட்கார வேண்டும். ஒரு மி.மீ.யில் சிறு பகுதி நகர்ந்தாலும் சமன் கெடும். கஷ்டப்பட்டுச் சமன் செய்து எபாக்சி ஊற்றினால், அது இறுகும்போது சுருங்கி மறுபடி கலைத்துவிடும்.

ரீசார்ஜ் பேட்டரி போட்டதும் பாதி சார்ஜ்தான் காட்டுகிறது.

பேட்டரியில் குறையில்லை. எட்டு ஏஏ அல்கலைன் செல் 12 வோல்ட், எட்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 9.6 வோல்ட். மீட்டர் அல்கலைன் கணக்கில் காட்டுகிறது. உள்ளே ரெகுலேட்டர் இருக்கும் கருவிகளில் கடைசிவரை ஆழம் குறையாது, ஆனால் எச்சரிக்கை ஒலி வருவதற்கும் கருவி நின்றுபோவதற்கும் இடையே அதிக நேரம் கிடைக்காது. பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள்.

லித்தியம் பேக்குக்கு மாறுகிறீர்கள் என்றால் முழு சார்ஜ் வோல்டேஜைப் பாருங்கள், பெயரளவு வோல்டேஜை அல்ல. இரண்டு செல் 7.4 என்று எழுதியிருக்கும், நிறைந்தால் 8.4. மூன்று செல் 11.1, நிறைந்தால் 12.6. பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத பேக் வேண்டாம். உப்பியதை அன்றே ஒதுக்குங்கள். பவர் பேங்கை வைத்து ஓட்டினால் இரண்டு தொல்லை: உள்ளே இருக்கும் கன்வெர்ட்டரின் இரைச்சல் காயிலில் ஏறும், மின்னோட்டம் குறைவு என்று நினைத்துத் தானாக அணைந்தும் போகும்.

ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அல்கலைன் கசிவு, காரத்தன்மை உள்ளது. வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து, காயவிடுங்கள்.

ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் கேட்கிறது.

கருவியின் சாக்கெட் மோனோ, உங்கள் ஹெட்போன் ஸ்டீரியோ. மோனோவிலிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றும் அடாப்டர் போதும். 3.5க்கும் 6.35 மி.மீ.க்கும் நடுவே கட்டையான அடாப்டர் செருகினால், ஒரு தடவை கேபிள் கிளையில் மாட்டினாலே அது நெம்புகோலாகிச் சாக்கெட்டைப் பெயர்த்துவிடும். குட்டை வயர் வைத்த அடாப்டர் வாங்குங்கள்.

புளூடூத் ஹெட்போன் போட்டதிலிருந்து பொருள் இருக்கும் இடம் தப்பிப்போகிறது.

தாமதம். சாதாரண புளூடூத்தில் ஒலி 200 மில்லி வினாடி பிந்துவது சகஜம். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால், சத்தம் கேட்கும்போது காயில் 20 செ.மீ. தாண்டிப்போயிருக்கும். குறைந்த தாமத வகைகளில் 40 மில்லி வினாடி சுமார், அதாவது 4 செ.மீ., அது பழகிவிடும். இரு முனையும், அதாவது கருவியும் ஹெட்போனும், அதே முறையை ஆதரிக்க வேண்டும். ஒன்று மட்டும் ஆதரித்தால் பழைய தாமதமே.

பின்பாயிண்டரை (குழிக்குள் பொருளைத் தேடும் சின்னக் கைக்கருவி) எடுத்ததும் பெரிய கருவி அலறுகிறது.

இரண்டும் அருகருகே உள்ள அலைவரிசைகளில் ஓடுகின்றன. நாய்ஸ் கேன்சல் செய்து பாருங்கள், முடியாவிட்டால் குழி தோண்டும்போது காயிலை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். பின்பாயிண்டரை எப்போதும் காற்றில் ஆன் செய்துவிட்டுக் குழிக்குள் விடுங்கள். உலோகத்தின் அருகில் ஆன் செய்தால் அந்த நிலையையே பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு ஊமையாகிவிடும்.

திரையில் எண் நிலைக்காமல் தாவுகிறது. டிஸ்கிரிமினேஷன் (உலோக வகையைப் பிரித்துக் காட்டுவது) கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஆழமாகக் கிடப்பது, செங்குத்தாக நிற்பது, பக்கத்தில் ஆணி இருப்பது, எதுவானாலும் எண் தாவும். 90 டிகிரி சுற்றி நின்று மறுபடி வீசுங்கள். நாணயம் இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே எண் காட்டும், வளைந்த ஆணி ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் காணாமல் போகும். தட்டையான பெரிய இரும்பு, வளையமான இரும்பு இரண்டும் வெள்ளியைப்போல உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும். தங்க மோதிரமும் குளிர்பான டின்னின் திறப்பு வளையமும் ஒரே எண்ணில் விழும். எந்தச் செட்டிங்கும் அவற்றைப் பிரிக்காது, தோண்டித்தான் ஆக வேண்டும்.

கிரவுண்ட் பேலன்ஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது.

அடியில் உலோகம் இருக்கிறதா என்று எந்த உலோகத்தையும் ஒதுக்காத ஆல் மெட்டல் மோடில் முதலில் வீசிப் பாருங்கள், சுத்தமான இடம் வேண்டும். பிறகு காயிலை மட்டமாகப் பிடித்து, தரைக்கு 3 செ.மீ.யிலிருந்து 30 செ.மீ. வரை, தரையில் மோதாமல் மேலும் கீழும் ஏற்றி இறக்குங்கள். இரண்டு நிலையிலும் ஒலி சமமாகும்வரை. உப்பு ஈரமணலில் ஒற்றை அலைவரிசைக் கருவி தடுமாறுவது இயல்பு, உப்புநீர் கடத்தி. பீச் மோடு, பல அலைவரிசை, அல்லது பல்ஸ் கருவி அங்கே பொருந்தும். தானாகச் சமன் செய்யும் டிராக்கிங்கை ஆன் செய்துவிட்டு ஒரே மெல்லிய சிக்னலின் மேல் பத்துத் தடவை ஆட்டாதீர்கள். அதையும் மண் என்று நினைத்து அழித்துவிடும்.

தண்ணீரில் இறக்கலாமா?

காயில் தண்ணீர் தாங்கும் என்றால் கண்ட்ரோல் பாக்ஸும் தாங்கும் என்று பொருளல்ல. கையேட்டைப் பாருங்கள். தாங்கும் கருவியையும் வெயிலில் காய்ந்த சூட்டோடு முக்காதீர்கள். உள்ளே சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், அந்த இழுப்பில் மூடியைச் சுற்றியுள்ள ஓரிங் என்ற ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறும். பத்து நிமிடம் நிழலில் ஆறட்டும். ஓரிங்கில் ஒரு முடி, ஒரு மணல் இருந்தாலும் கசியும். கடலிலிருந்து வந்ததும் மூடியைத் திறக்கும் முன்பே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பிறகே திறங்கள். உப்புநீர் உள்ளே போய்விட்டதென்றால் முதலில் பேட்டரியை எடுங்கள். காய்ந்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். தண்ணீர் போனாலும் உப்பு போர்டில் தங்கி அரிக்கும், முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பைக் கழுவி, பிறகு ஆல்கஹாலால் கழுவ வேண்டும்.

தண்டு ஆடுகிறது, கை வலிக்கிறது.

இணைப்பில் ஆட்டம் இருந்தால் உள்குழாயில் ஒரு சுற்று மெல்லிய டேப். முறுக்குப் பூட்டில் மணல் நறநறத்தால் தண்ணீரில் கழுவுங்கள், எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும். கார்பன் ஃபைபர் தண்டு எடை குறைக்கும், ஆனால் கார்பன் கொஞ்சம் மின்சாரம் கடத்தும். காயிலை இணைக்கும் கடைசி முனை பிளாஸ்டிக்காக இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய காயிலால் முன்பாரம் கூடினால் பேட்டரியையோ சின்ன எடையையோ முழங்கைப் பிடிக்குப் பின்னால் கட்டுங்கள். மொத்த எடை ஏறினாலும் மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைக்கும். இரும்பு முனை வைத்த பூட்ஸும் கத்த வைக்கும், காலுக்கு நேராகக் காயில் வரும்போது மட்டும் சத்தம் என்றால் அதுதான்.

சர்வீஸுக்கு அனுப்புவதென்றால் என்ன செய்ய வேண்டும்?

காயிலையும் சேர்த்து அனுப்புங்கள், பாக்ஸை மட்டும் அனுப்பினால் பாதிச் சோதனைதான் நடக்கும். பேட்டரியைத் தனியே எடுத்துவிடுங்கள். ஒரு தாளில் மாடல், வரிசை எண், சாஃப்ட்வேர் பதிப்பு, எந்தக் காயில், எந்த மோடு, சென்சிடிவிட்டி எத்தனை, நாற்காலிச் சோதனையில் கத்தியதா, தட்டினால் கத்தியதா, கேபிளை எங்கே வளைத்தால் கத்தியது என்று எழுதுங்கள். கேபிளில் அந்த இடத்தைச் சின்ன டேப் ஒட்டி அடையாளம் காட்டிவிடுங்கள்.